கவால்லியை எண்ணுமுன் சூட்டை எண்ணுங்கள்

ஸ்தாசியோனே சென்ட்ராலே பக்கம் எங்கள் பெடியள் இரண்டு பேர் கார் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதல் கேள்வி, "எத்தனை கவால்லி?" அடுத்தது, "மப்பா செய்தாச்சா?" ஒரு லேப்டொப், ஒரு கேபிள், அரை மணித்தியாலம் போதும். பழைய டீசல் புந்தோவிலும் டர்போ அமுக்கம் கூடிவிடும்.

நான் எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு ஐ.டி. துறையில் ஆலோசகராக வேலை செய்கிறவன். லேப்டொப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் டர்போ என்றால் என்னவென்று உண்மையிலேயே விளங்க வேண்டுமென்றால், லேப்டொப் பூட்ட இடமே இல்லாத ஒரு எஞ்சினைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். 1975 முதல் 1989 வரை விற்பனையான போர்ஷே 911 டர்போ, அதாவது 930, அப்படியான ஒன்று.

ஜெர்மன் காருக்கும் பலெர்மோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஸ்தாசியோனேயில் தெர்மினி இமெரேசே பக்கம் போகும் ரயிலில் ஏறினால், அதற்கு அப்பால் செர்தா வீதியோரம் ஃப்ளோரியோபோலியின் பழைய பார்வையாளர் மேடைகள் இன்றும் நிற்கின்றன. 1906இல் வின்சென்சோ ஃப்ளோரியோ தொடங்கிய தார்கா ஃப்ளோரியோ பந்தயம் அங்கேதான் ஆரம்பமாகும். மதோனியே மலையின் சாதாரண ஊர் வீதிகளில் ஒரு சுற்று 72 கிலோமீற்றர். போர்ஷே அதில் 11 தடவை வென்றது. கூரை கழற்றும் 911க்கு 'தார்கா' என்று பெயர் வந்ததும் இங்கிருந்துதான். உலகச் சம்பியன்ஷிப்பின் பகுதியாக அது நடந்த கடைசி ஆண்டான 1973இல் ஹெர்பர்ட் முல்லரும் கைஸ் வான் லெனப்பும் 911 ஆர்.எஸ்.ஆர். ஓட்டி வென்றார்கள். அடுத்த வருடம் அதே இருவரும் டர்போ பூட்டிய 911இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார்கள். பொதுமக்கள் வாங்கக்கூடிய 911 டர்போவை போர்ஷே பாரிஸ் கண்காட்சியில் காட்டியதும் அதே 1974இல்தான்.

அந்த முதல் எஞ்சின் 3.0 லீற்றர், 260 குதிரைவலு, டர்போ அமுக்கம் 0.8 பார். எரிபொருளைத் தெளிப்பது போஷ் கே-ஜெட்ரோனிக் என்ற இயந்திர முறை. சென்ட்ராலினா இல்லை. ஆகவே மப்பா செய்யவும் வழியில்லை. இன்று அதைத் திருத்திக் கட்டும் பலர், அமுக்கத்தைக் கூட்டினால் வலு கூடும் என்று அங்கேயே தொடங்குகிறார்கள். அது பிழையான இடம் என்பதுதான் என் வாதம்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 25 பாகைக் காற்றை 70 சதவீதத் திறனுள்ள டர்போ 0.8 பாருக்கு அமுக்கினால், வெளியே வரும் காற்று 100 பாகையைத் தாண்டும். 1.2 பார் என்றால் 130ஐயும் தாண்டும். காற்று சூடானால் அதன் அடர்த்தி குறையும். அதைவிட மோசம், பெற்றோல் நேரம் தவறித் தானாகவே வெடிக்கத் தொடங்கும். 'நொக்கிங்' என்று சொல்வது இதைத்தான். பிஸ்டனில் ஓட்டை விழ அதிக நேரம் வேண்டாம்.

தண்ணீரால் குளிரும் எஞ்சினில் இந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இருக்கிறது. 930இல் இருப்பது ஒரு காற்றாடி, சிலிண்டரைச் சுற்றிய செதில்கள், பிறகு 10 லீற்றருக்கும் மேலான ஒயில். அவ்வளவுதான். ஆறு சிலிண்டர்களையும் அவற்றின் தலைகளையும் 24 நீண்ட திருகாணிகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மீற்றர் நீள அலுமினியம் 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 2.3 மில்லிமீற்றர் விரியும். சாதாரண உருக்கு அதில் ஏறக்குறையப் பாதிதான் விரியும். ஒவ்வொரு முறை சூடாகும்போதும் திருகாணி இழுபடும். அதற்காகவே அலுமினியத்தை ஒட்டி விரியும் 'டிலவார்' என்ற உலோகத்தில் திருகாணி செய்தார்கள். அது அரிப்புப் பிடித்து, ஒரு நாள் சத்தமில்லாமல் முறிந்தது. இப்படியான எஞ்சினில் யாராவது அளந்து பார்க்காமல் அமுக்கத்தைக் கூட்டினால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

'ஒரிஜினலில் கை வைக்காதே' என்று சொல்லும் கூட்டமும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. போர்ஷேயே கை வைத்தது. 1978 மொடலுக்கு எஞ்சினை 3.3 லீற்றராக்கி, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைச் சேர்த்து 300 குதிரைவலு எடுத்தது. கவனியுங்கள்: வலு கூடியபோது சூட்டுக்கும் ஒரு வழி செய்தார்கள்.

ஆகவே திருத்திக் கட்டும் ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும். முதலில் எஞ்சினை முழுதாகப் பிரித்து அளக்க வேண்டும்: தண்டு, பெயரிங், சிலிண்டர் தேய்வு, வால்வு வழிகாட்டி. இரண்டாவது, திருகாணிகளையும் கனெக்டிங் ரொட் போல்ட்களையும் நல்லதாக மாற்றுவது. மூன்றாவது, ஒயில் கூலரும் பெரிய இன்டர்கூலரும். நான்காவது, எரிபொருளையும் தீப்பொறியையும் துல்லியமாக்குவது. லேப்டொப்புக்கு இங்கேதான் இடம். டர்போவைத் தொடுவது கடைசியில். அப்போதும் கூடுதல் அமுக்கம் தேவையில்லை. அதே 0.8 பாரை முன்கூட்டியே தரும் நவீன டர்போ போதும். பழைய டர்போ தூங்கிக் கிடந்து திடீரென்று விழிப்பதும், எஞ்சின் பின்னால் இருப்பதும் சேர்ந்துதான் வளைவுகளில் ஆட்களைத் தடுமாற வைத்தது.

காற்றால் குளிரும் எஞ்சினிலும் 1000 குதிரைவலு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அது உண்மைதான். 1973இல் 917/30 பந்தயக் கார் ஏறத்தாழ 1100 எடுத்தது. ஆனால் அது பந்தயத்துக்கு மட்டுமே கட்டிய 12 சிலிண்டர் எஞ்சின். 1978இல் 935/78ஐக் கட்டியபோது போர்ஷே சிலிண்டர் தலைகளுக்குத் தண்ணீர் கொடுத்தது. 1998இல் காற்றால் குளிரும் 911ஐயே நிறுத்தியது. செய்தவர்களே எல்லை எங்கே என்று காட்டிவிட்டார்கள்.

"எங்களால் 930 வாங்கவா முடியும்?" என்று கேட்கலாம். பெரும்பாலும் முடியாது, நானும் வாங்கப்போவதில்லை. ஆனால் புந்தோவிலும் அமுக்கிய காற்று சூடாகத்தான் செய்யும். மப்பா செய்பவரிடம் "எத்தனை கவால்லி வரும்?" என்று கேட்குமுன், "அந்தச் சூடு எங்கே போகும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். எஞ்சினில் செய்யும் மாற்றம் லிப்ரேத்தோவில் பதியப்பட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா அம்மாமார் வீடு துப்பரவாக்கி, வயதானவர்களைப் பார்த்து எங்களை வளர்த்தார்கள். பிள்ளையின் கையில் அழுக்குப் படக்கூடாது என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1970இல் திறந்த தெர்மினி இமெரேசே ஃபியட் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டது. 930இன் எஞ்சின் உறைகளும் இருப்பவை இருப்பவைதான். ஒன்று வெடித்தால் ஒன்று குறையும். மைக்ரோமீற்றரால் அளக்கவும் தெரிந்து, வெப்பக் கணக்குப் போடவும் தெரிந்த ஆட்களுக்கு இத்தாலியில் வேலை இல்லாமல் போகாது. ஒஃபிச்சினா உங்களுக்குப் பிடித்திருந்தால், வீட்டில் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். அதுவும் எஞ்சினியரிங்தான்.