மெதுவான சர்க்கரை... யாருக்கு லாபம்?

சூப்பர் மார்க்கெட்டில் சுகர்காரர்களுக்கென்று இருக்கும் அலமாரியைப் பார்த்திருப்பீர்கள். சத்து பவுடர், பிஸ்கட் என்று எதை எடுத்தாலும் 'லோ ஜி.ஐ.' என்று ஒரு வரி. அதில் சில டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தால் ஐசோமால்டுலோஸ் என்ற பெயர் இருக்கும்.

இது செயற்கை இனிப்பு அல்ல. சாதாரண சர்க்கரையில் உள்ள அதே குளுக்கோஸ், அதே ஃபிரக்டோஸ்தான். இரண்டும் கைகோத்திருக்கும் இடம் மட்டும் வேறு. அந்தப் பிணைப்பைச் சிறுகுடலின் நொதி மெதுவாகத்தான் வெட்டும். அதனால் ரத்தத்தில் குளுக்கோஸ் சட்டென்று எகிறாமல் மெல்ல ஏறுகிறது. கிளைசெமிக் இண்டெக்ஸ் சர்க்கரைக்குச் சுமார் 65, இதற்கு 32. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2011-ல் இதை ஒப்புக்கொண்டது. ஆனால் 'சர்க்கரைக்குப் பதிலாக' எடுத்தால் என்ற நிபந்தனையோடு!

இப்போது கொஞ்சம் கணக்கு (காமர்ஸ் ஆட்களுக்குப் பிடித்த பகுதி). ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம், 20 கலோரி. இதுவும் 5 கிராமுக்கு அதே 20 கலோரிதான். ஆனால் இனிப்பு ஏறக்குறைய பாதி. நாக்கு சும்மா இருக்குமா? இன்னொரு ஸ்பூன் போடச் சொல்லும். 65-ஐ 5 கிராமால் பெருக்கினால் 325. 32-ஐ 10 கிராமால் பெருக்கினால் 320. வித்தியாசம் வெறும் 5! கலோரி மட்டும் இரட்டிப்பு. லாபம் விற்பவருக்குத்தான்.

(கருப்பட்டி கதை இன்னும் மோசம். அதில் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். மெதுவாகக்கூடச் செரிக்காது.)

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. நம்மூரில் குளுக்கோஸை ஏற்றுவதில் காபியின் ஒரு ஸ்பூனைவிடத் தட்டில் குவியும் சோற்றுக்குத்தான் பங்கு அதிகம். அதை விட்டுவிட்டு டப்பாவை மாற்றுவது என்ன கணக்கோ!

யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் வேகமான சர்க்கரை வேண்டும். 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அப்போது மெதுவாகச் செரிப்பது உதவாது. வீட்டில் சர்க்கரையையே ஒழித்துவிட்டு இதை மட்டும் வைத்திருப்பவர்கள் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டாவது தனியாக வாங்கி வைக்க வேண்டும். விலையும் குறைவுதான்.