பெஞ்சில் உட்கார வைக்கவா சந்தா வாங்கினோம்?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படிக்காமலே கும்பிடு போடும் படத்தைப் போட்டுவிட்டு நழுவுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

நம் பழைய மாணவர்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை கூடைப்பந்து லீக்கின் விதிகளை அடுத்த சீசனுக்கு மாற்றப் போகிறார்கள். 30 வயது தாண்டியவர்களுக்கான லீக் இது. வாட்ஸ்அப் குழுவில் வந்த வரைவில் மூன்று மாற்றங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆட வந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு குவார்ட்டராவது தர வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுவது. இரண்டு, அணிக்கு இரண்டு பேர் வீதம் வெளியிலிருந்து ‘கெஸ்ட் பிளேயர்’ சேர்த்துக்கொள்வது. மூன்று, ஜெயிக்கும் அணிக்கு ரொக்கப் பரிசு. காரணம் கேட்டால், “ஸ்டாண்டர்டு உயரணும் சார், இன்டர்நேஷனல் ரூல்ஸ்படி ஆடணும்” என்கிறார்கள்.

மூன்றையும் நான் எதிர்க்கிறேன். மூன்றும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. ஜெயிக்கிறவனுக்காகத்தான் லீக், மற்றவன் எண்ணிக்கைக்கு என்ற எண்ணம் அது.

முதலில் இந்த இன்டர்நேஷனல் ரூல்ஸ் கதையைப் பார்ப்போம். இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது என்று உங்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். மறந்திருப்பீர்கள். 1891 டிசம்பர், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரம். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியரிடம் அடங்காத வகுப்பு ஒன்றை ஒப்படைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் அல்ல, வளர்ந்த ஆண்கள். வெளியே குளிர், உள்ளே தினமும் அதே உடற்பயிற்சி, எல்லோருக்கும் சலிப்பு. அவர்களுக்காக எழுதப்பட்ட 13 விதிகள்தான் கூடைப்பந்து.

அந்த விதிகள் எதற்காக என்று கவனியுங்கள். பந்தோடு ஓடக் கூடாது. ஏன்? ஓடுகிறவனை மடக்கிக் கீழே தள்ளுவார்கள், உள்ளரங்கில் விழுந்தால் அடி பலமாகப் படும். கூடை தலைக்கு மேலே இருக்க வேண்டும். ஏன்? அப்போதுதான் பந்தை வேகமாக நேரே எறியாமல் வளைத்துப் போடுவார்கள். தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை இடறிவிடுவது எல்லாவற்றுக்கும் ஐந்தாவது விதியிலேயே தடை. காயப்படுத்தும் நோக்கம் தெரிந்தால் ஆட்டம் முடியும்வரை வெளியே, அவனுக்குப் பதில் மாற்று ஆளும் கிடையாது. ஆட வந்தவன் முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்ற அக்கறைதான் இதெல்லாம்.

இன்னொன்று. அந்த வகுப்பில் 18 பேர். அதனால் அணிக்கு 9 பேர். ஐந்து பேர் என்ற கணக்கெல்லாம் பிற்பாடு வந்தது. முதல் ஆட்டத்தில் வந்தவர்கள் அத்தனை பேரும் ஆடினார்கள். ஆகவே, எல்லோரும் ஆட வேண்டும் என்பது நான் வயதான காலத்தில் கண்டுபிடித்த இரக்க விதி என்று யாரும் நினைக்க வேண்டாம். அது இந்த ஆட்டத்தின் முதல் நாளிலேயே இருந்தது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு வந்த ஹாரி குரோ பக்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நமக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

சரி, பிறகு விதிகள் ஏன் மாறின? ஒரு உதாரணம். 1950-இல் அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டம் ஒன்று 19-18 என்று முடிந்தது. முன்னிலையில் இருந்தவர்கள் பந்தை வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவன் வருவானா? அதனால் 1954-இல் 24 விநாடிக் கடிகாரம் வந்தது. பார்க்கிறவருக்காக வந்த விதி அது, தவறில்லை. நம் லீக்கைப் பார்க்க வருகிறவர் யார்? தண்ணீர் பாட்டிலோடு வரும் பிள்ளைகள், பக்கத்து டீக்கடைக்காரர், அப்புறம் நான். டிக்கெட் வாங்கிய கூட்டம் இல்லாத இடத்தில் ஆடுகிறவன்தான் முதலாளி. அந்த முதலாளியை பெஞ்சில் உட்கார வைக்க ஒரு விதியா?

கணக்கு சொல்கிறேன், கேளுங்கள். நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றிலும் ஐந்து இடம். ஆக 20 இடங்கள். பத்துப் பேர் வந்தால் ஆளுக்கு இரண்டு, மீதி இல்லை. எட்டுப் பேர் வந்தால் ஆளுக்கு இரண்டு போக நான்கு இடம் மிஞ்சும். அந்த நான்கை கேப்டன் தன் இஷ்டம்போல் நல்ல ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கட்டும். எந்த ஐவரை எந்தக் குவார்ட்டரில் இறக்குவது என்று யோசிப்பதுதான் கேப்டனின் சாமர்த்தியம். கடைசிக் குவார்ட்டருக்குக் கெட்டிக்காரர்களை வைத்துக்கொள், யார் தடுத்தார்கள்? ஆனால் பத்தாவது ஆளுக்கு 20 நிமிடம் கொடுத்துவிட்டு அதைச் செய்.

சந்தா எல்லோரிடமும் ஒரே தொகைதானே வாங்குகிறோம்? மொய்யை எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு, பந்தியில் வேண்டியவர்களுக்கு மட்டும் இலை போட்டால் அந்தக் கல்யாண வீட்டை என்ன சொல்வோம்? போன சீசனின் ஸ்கோர் ஷீட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. இந்த விதியைக் கடைப்பிடிக்காமல் ஏமாற்றிய அணிகளில்தான் கடைசி வாரங்களில் ஆள் குறைந்தது. இரண்டு ஞாயிறு பெஞ்சில் உட்கார்ந்தவன் மூன்றாவது ஞாயிறு “வீட்டில் வேலை இருக்கு” என்பான். நான்காவது ஞாயிறு அதையும் சொல்ல மாட்டான். சர்க்கரையும் பிரஷரும் எட்டிப் பார்க்கும் வயதில், வாரத்தில் ஒரு நாள் வியர்க்கட்டும் என்று வந்தவன் அவன். நாம் துரத்திவிட்டோம்.

அடுத்து கெஸ்ட் பிளேயர். வங்கி அணியிலும் ரயில்வே அணியிலும் ஆடியவர்களைக் கூட்டி வருவதாகப் பேச்சு. அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பெரியகுளத்திலும் கோவையிலும் நடக்கும் அகில இந்தியப் போட்டிகள் அவர்களுக்கானவை. அங்கே ஆடட்டும், நான் பஸ் ஏறிப் போய்க் கைதட்டுகிறேன். இங்கே வந்தால் கூலிக்கு மாரடிக்கிற கதைதான். ஒரு அணி இரண்டு பேரைக் கொண்டுவந்தால் அடுத்த அணியும் தேடும். செலவு யார் தலையில்? அந்த இருவர் நிற்கும் இடம் யாருடைய இடம்? நம் பத்தாவது ஆளுடைய இடம்தானே?

ரொக்கப் பரிசு பற்றி இதைவிடக் கடுமையாகச் சொல்கிறேன். போன சீசனில் ஷாட் போடக் குதித்தவர் கீழே இறங்கும் இடத்தில் எதிராளி காலை நீட்டினார். இறங்கியவருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அவர் பைக் மெக்கானிக். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. மாதக்கணக்கில் கடை திறக்கவில்லை. வெறும் கோப்பைக்கே இந்த நிலை. பணமும் சேர்ந்தால் எத்தனை கால்கள் நீளும்? இதைப் படிக்கும் மருமகள்கள் யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலை சம்பளத்துக்குப் போக வேண்டிய மனிதர்கள் இவர்கள்.

இன்டர்நேஷனல் ரூல்ஸ் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. குதித்தவன், எழும்பிய இடத்திலேயே திரும்ப இறங்க அவனுக்கு உரிமை உண்டு என்று அதே சர்வதேச விதிப் புத்தகத்தில் இருக்கிறதே, அதை ஏன் ஒருவரும் வரைவில் சேர்க்கவில்லை? என் யோசனை இது: குதித்தவன் காலுக்கடியில் கால் வைத்தால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. வைத்தவர் அன்றைக்கு வீட்டுக்கு. வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்ற விசாரணையே வேண்டாம். பரிசுக்கு என்று ஒதுக்கும் பணத்தில் வெளியூர் ரெஃப்ரி இருவருக்குச் சம்பளம் கொடுங்கள். நம் ஆளே விசில் ஊதினால், “மச்சான், அது ஃபவுலா?” என்ற பஞ்சாயத்து ஓயாது.

“நல்லா ஆடறவங்க போயிடுவாங்க சார்” என்கிறார்கள். என் தங்கை மகனும் அந்தக் கட்சிதான். மருமகனே, கோபிக்காமல் கேள். 20 நிமிடம் பெஞ்சில் இருக்கச் சொன்னால் நல்ல ஆட்டக்காரன் போய்விடுவான் என்கிறாய். 40 நிமிடமும் உட்கார வைக்கப்படுகிறவன் மட்டும் எதற்காக இருக்க வேண்டும்? உனக்கு வலிப்பதுதானே அவனுக்கும் வலிக்கும்? இருவரில் ஒருவர் பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பலமுள்ளவன் பொறுப்பதுதான் நியாயம். அதுவும் பாதி நேரம்தான்.

“நீங்க ஆடலையே, உங்களுக்கு ஏன்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆடவில்லைதான். ஸ்கோர் ஷீட் எழுதுகிறவன் நான். யார் வந்தார்கள், யார் வருவதை நிறுத்தினார்கள் என்பது ஆடுகிறவர்களைவிட எழுதுகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

வரும் ஞாயிறு ஓட்டெடுப்பு. உறவினர்களே, உங்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் உங்கள் வீட்டு ஆட்டக்காரரிடம் பேசலாம். மாணவர்களே, ஓட்டுப் போடும் முன் உங்கள் அணியில் பத்தாவது ஆள் யார் என்று நினைத்துப் பாருங்கள். அவரைப் போனில் கூப்பிட்டு, அடுத்த சீசனுக்கு வருவாரா என்று கேளுங்கள். அவர் தயங்கினால், எந்தப் பக்கம் கை தூக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் பதில் உண்டு. பிழையோடு எழுதினால் திருத்தமும் உண்டு.

அன்புடன்,
உங்கள் பி.டி. சார்