அம்மாவுக்கு எந்த ஊர்?

திங்கட்கிழமை காலை நெய்வேலி மெயின் பஜார் டீக்கடையில் நாளிதழைப் பிரித்த பத்தியாளர் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டவில்லை. டென்னிஸில் வென்ற ஒரு பெண்ணைக் 'கலப்பின வீராங்கனை' என்று எழுதியிருந்தார்கள். எதிர்ச்சுவரில் கறவை மாட்டுக் கடனுக்கான சுவரொட்டி. அதிலும் அதே சொல்: கலப்பினப் பசு. ஜெர்சிக் காளைக்கும் நாட்டுப் பசுவுக்கும் பிறந்த கன்றுக்கு வைத்த பெயரை, அம்மா ஒரு நாடும் அப்பா ஒரு நாடுமாகப் பிறந்த பெண்ணுக்கு வைக்க எப்படி மனம் வந்தது? கையிலிருந்த டீ ஆறிப்போயிற்று.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு அடுத்து எந்தப் புத்தகம் வரும் என்று தெரியும். ஹாப்ஸன்-ஜாப்ஸனேதான். ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் சேர்ந்து தொகுத்த, 1886-ல் வெளிவந்த அகராதி. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல் அதை அச்சில் பார்க்காமலே 1882-ல் இறந்துபோனார். இப்படிப் பிறந்தவர்கள்மேல் இங்கே முன்பே ஒட்டிய 'பரங்கி' எங்கிருந்து வந்தது என்று அதில் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் ஃபிராங்க் இனத்தாரின் பெயர் அரபியிலும் பாரசீகத்திலும் ஃபரங்கியாகி, நம் கரைக்கு வந்து பரங்கி ஆனது. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை நெய்வேலிக்குப் பக்கம்தான். சென்னையில் பரங்கிமலை, கோட்டையில் பீரங்கி, சமையலறையில் பரங்கிக்காய் என்று ஒரே சொல் எத்தனை இடத்தில் குடியேறியிருக்கிறது!

முதலில் அது போர்த்துகீசியரைக் குறித்தது. பிறகு அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளையும், அவர்களால் மதம் மாறியவர்களையும். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, தான் பரங்கி அல்ல என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு அதில் இழிவு ஏறியிருந்தது. இலங்கையிலோ இன்றும் பறங்கியர் என்பதே ஐரோப்பிய வழிவந்த சமூகத்தின் பெயர்.

அப்படிப்பட்டவர்களுக்கு நம் பக்கத்தில் இன்னொரு பெயரும் உண்டு: சட்டைக்காரர். கோட்டும் கால்சட்டையும் போட்டவர் என்பதால் வந்த பெயர். ரயில்வே காலனிகளை ஒட்டி வளர்ந்தவர்கள் கேட்டிருப்பார்கள், பெரும்பாலும் கேலியாக. 1974-ல் கே.எஸ். சேதுமாதவன் இயக்கி, லட்சுமி நடித்த மலையாளப் படத்துக்கே 'சட்டக்காரி' என்றுதான் பெயர். அரசுக் காகிதத்தில் அவர்கள் நெடுநாள் யுரேஷியர். 'ஆங்கிலோ இந்தியர்' என்றால் அப்போது இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் என்று பொருள். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அரசு அந்தப் பெயரை இவர்களுக்குக் கொடுத்தது.

டென்னிஸ் செய்தி அங்கேயே மடிந்து கிடக்கட்டும். பத்தியாளரை உண்மையில் வருத்துவது அரசியல் சட்டத்தின் 366(2) பிரிவு. இந்தியாவில் நிலையாகக் குடியிருக்கும் ஒருவரின் தந்தையோ, தந்தை வழியில் ஆண் முன்னோர் ஒருவரோ ஐரோப்பிய வம்சாவளியினராக இருந்தால் அவர் ஆங்கிலோ இந்தியர். தாயின் வம்சாவளியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் அவர்களுக்கிருந்த நியமன இடங்கள் 104-ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரி 25-ல் போயின. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 296 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொன்னதை அந்தச் சமூகத்தார் கடுமையாக மறுத்தார்கள். இடங்கள் போனாலும் அந்த வரையறை அப்படியே இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்ட ஆங்கில டீச்சர் ஒருவர் இருக்கிறார். அம்மா விழுப்புரம் ரயில்வே காலனியின் சட்டைக்கார வீட்டுப் பெண். அப்பா விருத்தாசலம் பக்கத்துத் தமிழர். அன்று மாலை பத்தியாளர் போனபோது அவர் கல்கல் செய்துகொண்டிருந்தார். தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவில் சுண்டைக்காய் அளவு கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சோழி போல வருகிறது. அதை எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்ட வேண்டும்.

"எங்க மாமா பசங்க ஆங்கிலோ இந்தியங்க. சட்டப்படி நான் இல்லையாம் சார். இதைச் சொல்லிக்கொடுத்த பாட்டி எங்க எல்லாருக்கும் ஒருத்திதானே?"

பத்தியாளரிடம் பதில் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து சேர்ந்த ஊர் நெய்வேலி. 1956-ல் சுரங்க நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே எவரைப் பார்த்தாலும் முதல் கேள்வி 'சொந்த ஊர் எது?' என்பதுதான். இங்கே பிறந்து, குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடியில் விளையாடி வளர்ந்த பிள்ளைகள்கூடச் சொல்வது அப்பாவின் ஊரைத்தான். டீச்சரும் கேட்டார்.

"சேத்தியாத்தோப்பு" என்றார் பத்தியாளர்.

"அம்மாவுக்கு?"

"பண்ருட்டி." நாற்பது வருட நெய்வேலி வாழ்க்கையில் அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை, அவராகவும் சொன்னதில்லை.

இரவு அந்த நாளிதழுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். இனி இப்படிப்பட்ட செய்தி வந்தால் 'கலப்பின' வேண்டாம், தாய் இன்ன நாட்டவர், தந்தை இன்ன நாட்டவர் என்று எழுதுங்கள், தாயின் நாட்டை முதலில் போடுங்கள் என்று கேட்டிருந்தார். செய்திக்குக் கீழே நான்கு வரிக்கு இடம் காலியாகக் கிடந்ததையும் குறிப்பிட்டிருந்தார்.