பீஸ் விலையை விடுங்க, பேமென்ட் நிபந்தனையைப் பாருங்க!

சம்பளத்துல சேர்த்த பணத்தைப் போட்டு, சொந்த டிசைன்ல ஒரு கேட்ஜெட் தயாரிக்க சீனாவின் ஷென்ஜென்ல ஃபேக்டரி தேடுறீங்களா? எல்லாரும் பீஸ் விலையைத்தான் ஒப்பிடுறாங்க. என்னைக் கேட்டா, முதல்ல பார்க்க வேண்டியது பேமென்ட் நிபந்தனை.

வழக்கமா 30% அட்வான்ஸ். மீதி 70% சரக்கு கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி. அந்த 70% உங்க கையில இருக்கும்வரைதான் உங்க பேச்சு எடுபடும். அதனால, நீங்க நியமிக்கிற வெளி ஏஜென்சி சரக்கைச் சோதிச்சு ரிப்போர்ட் தந்த பிறகே மீதியை அனுப்புங்க. மோல்டுக்குக் காசு கொடுத்தா, அது உங்களுக்குத்தான் சொந்தம்னு எழுதி வாங்குங்க. இல்லன்னா ஃபேக்டரி மாத்தும்போது மோல்டு அங்கேயே மாட்டிக்கும்.

இதுக்கெல்லாம் ஒத்துக்காத ஃபேக்டரி, பீஸுக்குப் பத்து ரூபா குறைச்சாலும் வேண்டாம். எமர்ஜென்சி ஃபண்டை மட்டும் இதுக்காகத் தொடவே தொடாதீங்க!