காசும் மனக்காப்பும்

பிட்காயின் என்னும் மறைநாணயம் 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 தாலர் வரை ஏறியது. ஓராண்டிற்குள் 16,000-க்கும் கீழே வீழ்ந்தது. ஏறுகையில் அவாவினால் வாங்கியோர் பலர், இறங்குகையில் அச்சத்தால் விற்றனர். இழந்ததை இன்றே மீட்பேன் என்னும் வெகுளியோ அவ்விரண்டினும் கொடிது. இந்தியாவில் 2022 முதல் இவ்வணிக ஊதியத்திற்கு 30 விழுக்காடு வரி. ஒன்றன் இழப்பை மற்றொன்றன் ஊதியத்திற் கழிக்கவும் இடமில்லை. ஒன்றில் 1,000 உருபா இழந்து, மற்றொன்றில் 1,000 ஈட்டியவனும் 300 உருபா வரி இறுத்தல் வேண்டும்!

இச்சந்தைக்கு இரவுமில்லை, விடுமுறையுமில்லை. ஆதலின் கதவடைக்கும் காவல் நம் மனத்தகத்தே வேண்டும். எவ்வளவு இழக்கலாம், எப்போது விலகுவது என்பவற்றை வாங்குமுன்னரே எழுதிவையுங்கள், எழுதியபடி நில்லுங்கள். கடன்பட்டு இறங்காதீர்கள். பொருளிழந்தவன் மீண்டும் ஈட்டுவான். தன்னையிழந்தவன் எதைக்கொண்டு ஈட்டுவான்?