செம்மரத்தடியில் ஓர் ஆறுதல்

மூங்கிலைத் தெலுங்கில் ‘வெதுரு’ என்பர். சங்கச் சான்றோர் அதனையே ‘வெதிர்’ என்றனர். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே, மலைகள் சூழ்ந்த நாட்டில் வெதுருகுப்பம் என்றோர் ஊர் இருக்கும் வரையில், ஒரு புல்லை இரு மொழிகளும் ஒரே பெயர் சொல்லி அழைத்த உறவு மறைந்துவிட்டதென்று யாரும் வருந்த வேண்டுவதில்லை. ஆயினும் இவ்வட்டாரத்தில் நடக்கும் கிறிஸ்தவன் எவனுக்கும், மலையைக் காணுமுன்னே சுவரொட்டிதான் கண்ணில் படுகிறது. அற்புத சுகமளிக்கும் கூட்டம் இன்ன தேதியில் இன்ன மைதானத்தில் என்று அது அழைக்கிறது.

பிணியாளர் நலம்பெற ஜெபிப்பதை நான் குறைகூறவில்லை. ஆனால் அற்புதம் என்னும் விசாலமான சொல்லை, என்றோ ஒருநாள் யாரோ ஒருவருக்கு வாய்க்கும் விதிவிலக்காகச் சுருக்கிவிட்டோமே என்பதுதான் என் விசாரம். விதிவிலக்கை நம்பி வாழும் விசுவாசம், அது தனக்கு வாய்க்காத நாளில் தள்ளாடும். நாள்தோறும் கண்முன் நிகழும் சிருஷ்டியில் வேரூன்றிய விசுவாசமோ, வறட்சியிலும் சற்று ஈரம் வைத்திருக்கும்.

செம்மரத்தையே பாருங்கள். பூமியில் வேறெங்கும் இயல்பாக வளராமல், கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியைச் சார்ந்தே வாழும் மரம் இது. முதலைத்தோல் போலச் சதுரம் சதுரமாக வெடித்த கரும்பட்டையும், காம்புக்கு மூன்றாக அமைந்த இலைகளும், கோடையில் சிலநாள் பூத்து உதிரும் மஞ்சள் மலர்களும் அன்றி, வெளிப்பார்வைக்கு அதனிடம் விசேஷம் எதுவுமில்லை. கல்லும் சரளையுமான நிலத்தில், மழை பொய்த்த ஆண்டுகளையும் உள்ளிட்டுப் பல பத்தாண்டுகள் நின்ற பிறகே, அதன் உள்ளே அந்தச் சிவந்த வைரம் பாய்கிறது. என் பாட்டி திருப்பதியிலிருந்து வாங்கிவந்த மரப்பாச்சி ஜோடி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. நாங்கள் கடித்துத் தேய்த்த மூக்கும் தோளும் மழுங்கிப்போயின, சிவப்பு மட்டும் மங்கவில்லை. யாரும் உழாத, யாரும் நீர் பாய்ச்சாத பாறையில் அந்தச் சிவப்பை ஊட்டியவர் யார் என்ற கேள்வியே எனக்கு முதல் ஞானோபதேசம்.

சகலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த யோபு, ஏன் எனக்கு இந்தத் துன்பம் என்று கேட்டபோது, கர்த்தர் காரணம் எதுவும் சொல்லவில்லை. மனிதர் இல்லாத வனாந்தரத்தில் பெய்யும் மழையையும், வரையாடு ஈனும் வேளையையும், காட்டுக்கழுதையின் சுதந்திரத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். கேட்டதற்கு விடை கிடைக்கவில்லை. ஆனால், தன்னைச் சாராத இத்தனை உயிர்களையும் மறவாதவர் தன்னையும் மறந்திரார் என்ற திடம் கிடைத்தது. சிருஷ்டியில் கர்த்தரைக் கண்டு தேறும் இந்த ஆனந்தம் தமிழ்க் கிறிஸ்தவத்துக்குப் புதிதுமன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800-இல் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’யில், சூரியனைச் சுற்றும் கிரகங்களின் சஞ்சாரத்தைக்கூடப் பக்திப் பொருளாக்கினார். அவர் கற்ற வானநூல் அவருடைய துதியைக் குறைக்கவில்லை, பெருக்கியது.

இயற்கையைக் கண்டு மகிழ்வது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு என்று ஒருவர் இடித்துரைக்கலாம். அந்த இடிப்பில் நியாயம் உண்டு. இதே செம்மரத்தின் பெயரால் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் தமிழகத்துக் கூலித் தொழிலாளர் இருபது பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அந்த மரத்தடியில் நின்று எப்படிப் பரவசப்படுவது? அந்த இருபது பேரை மறந்துவிட்டுப் பாடும் துதி துதியாகாது. மரத்தை வெறும் விலையாகவும் மனிதனை வெறும் கூலியாகவும் எடைபோடும் கண்ணுக்கு இரண்டிலும் சிருஷ்டிகரின் கைவேலை தெரிவதில்லை. அது தெரிந்த கண் இரண்டையும் காக்கவே முற்படும்.

ஆகவே நம் சபைகளுக்கு ஒரு விண்ணப்பம். அறுப்பின் பண்டிகையன்று, பூசணியும் தேங்காயும் ஏலம் போன பிறகு, ஆலய வளாகத்தில் ஒரு செம்மரக் கன்றை நடுங்கள். நடும்போது அந்த இருபது பேரின் குடும்பங்களுக்காகவும் ஜெபியுங்கள். அதில் வைரம் பாய்வதை நடுகிறவர்களில் பெரும்பாலோர் பார்க்கப்போவதில்லை. தனக்கென்று எதுவும் கேளாமல் அதற்கு ஒரு குடம் நீர் ஊற்றுகிறவனுக்கு, சுவரொட்டி வாக்களிக்காத ஒரு சமாதானம் அன்றைக்கே உண்டாகும்.