விண்மீன்களின் முதுமையும் நமது அவசரமும்

வானங்களையும் பூமியையும் சிந்தித்துப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. நாமோ சிந்திப்பதற்கு முன்பே முடிவு கூறிவிடுகிறோம். வானியல் செய்தி ஒன்று வெளியானால், அன்று மாலைக்குள் ஒரு வசனத்தை அதனுடன் பொருத்தி, "இதை நமது வேதம் அன்றே சொல்லிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறோம். இப்பழக்கம் மார்க்கத்திற்கு வலுச் சேர்ப்பதில்லை என்பதே நமது கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விருச்சிகத்தின் நடுவே செந்நிறமாக ஒளிரும் கேட்டை விண்மீனை அரபுகள் 'கல்புல் அக்ரப்', அதாவது தேளின் இதயம், என்று அழைத்தனர். பார்வைக்கு அதன் அருகிலேயே, பைனாகுலரில் மங்கிய பஞ்சுபோலத் தெரிவது எம்4 எனும் கோள வடிவ விண்மீன் கொத்து. உண்மையில் அது கேட்டையைவிடப் பன்மடங்கு தொலைவில், ஏறத்தாழ 6,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது.

அக்கொத்தின் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. எனினும் அவை ஒன்றுபோல மூப்படைவதில்லை. நிறை மிகுந்தவை எரிபொருளை விரைந்து செலவழித்து என்றோ தம் வாழ்வை முடித்துக்கொண்டன. நம் சூரியனைவிடச் சற்றே நிறை குறைந்தவை இப்போதுதான் முதுமையை எட்டுகின்றன. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் மையம் சுருங்குகிறது. சுற்றியுள்ள அடுக்கில் எரிதல் தொடர, வெளிப்புறம் உப்பிக் குளிர்ந்து, விண்மீன் சிவந்த பெருமீனாகிறது. பின்னர் மையத்தில் ஹீலியம் எரிந்து கார்பனாகிறது. இறுதியில் புற அடுக்குகளை உதிர்த்துவிட்டு, பூமியளவே ஆன வெண்குறுமீனாக எஞ்சி, பல நூறு கோடி ஆண்டுகள் மெல்லக் குளிர்கிறது. எந்த நிறையுடையவை இப்போது மூப்படைகின்றன என்பதைக் கொண்டே கொத்தின் வயதைக் கணிக்கின்றனர். எம்4-இன் வயது சுமார் 1,200 கோடி ஆண்டுகள்.

1990-களின் நடுவில் இக்கணக்கு பெரும் சிக்கலில் நின்றது. சில கணிப்புகளின்படி இத்தகைய கொத்துகளின் வயது பிரபஞ்சத்தின் வயதையே விஞ்சியது. தாயைவிடப் பிள்ளை மூத்தது என்பதுபோல! ஆய்வாளர்கள் மீண்டும் அளந்தனர். 1997-இல் வெளியான ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவீடுகளுக்குப் பின் கொத்துகளின் வயது குறைந்தது. 1998-இல் பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிவருவது தெரியவந்தபோது பிரபஞ்சத்தின் வயது உயர்ந்தது. இன்று அது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். முரண்பாடு நீங்கிற்று.

அந்த இடைக்காலத்தில் ஒருவர், அன்றைய எண்ணையே ஒரு வசனத்தின் பொருளென மேடையில் அறிவித்திருந்தால் என்னவாகும்? எண் மாறியபோது, கேட்டிருந்த இளைஞர் பேச்சாளரை மட்டுமா சந்தேகிப்பார்? இளைஞர்களை மார்க்கத்தின்பால் ஈர்க்கவே இவ்வாறு செய்கிறோம் என்பர் சிலர். எண்ணம் நல்லதே. ஆயினும் நம் பிள்ளைகளின் ஈமான், திருத்தத்திற்கு உட்பட்ட எண்களின் மீது நிற்கலாகாது.

நம் முன்னோர் காட்டிய வழி வேறு. கி.பி. 964 அளவில் விண்மீன்களைப் பற்றி நூல் இயற்றிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, தாலமியின் பட்டியலை அப்படியே ஏற்கவில்லை; தம் கண்ணால் நோக்கி ஒளியளவுகளைத் திருத்தினார். மத்ரஸா மாணவர்களை இஷா தொழுகைக்குப் பின் மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று தேளின் இதயத்தைக் காட்டுவோம். அறிவியலை அறிவியலாகவே கற்பிப்போம். படைப்பின் பிரம்மாண்டம் படைத்தவனை நினைவூட்டப் போதுமானது. நமது மிகைக் கூற்று அதற்குத் தேவையில்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும் நிதானத்தையும் அருள்வானாக! ஆமீன்.